மனை விலைக்கு வீடு

தஞ்சாவூர், மயிலாடுதுறை மாவட்டங்களின் கோயில் ஊர்களிலோ செட்டிநாட்டிலோ பழைய ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்தால், தரகரின் பேச்சு மனையிலிருந்துதான் தொடங்கும். எந்தத் தெரு, முகப்பு எத்தனை அடி, கொல்லைவரை நீளம் எவ்வளவு, அந்தத் தெருவில் சதுர அடி என்ன விலைக்குப் போகிறது என்று அடுக்கிவிட்டு, வீட்டுக்கென்று தனியாக விலை போடவில்லை என்று முடிப்பார். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லைக் கிணறு எல்லாம் சேர்ந்து அந்தக் கணக்கில் பூஜ்யம். இடித்து அள்ளும் கூலியைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுகிறவர்களும் உண்டு. அப்போது வீட்டின் மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தேக்கு நிலைக்கும் கதவுக்கும் தூணுக்கும் மட்டும் விலை உண்டு. அதுவும் பிடுங்கி விற்றால் கிடைக்கும் விலை. நகரத்தில் அடுக்குமாடி வீட்டுக்கு அலைந்து சலித்தவர்களும், ஓய்வுபெற்ற பிறகு ஊர்ப்பக்கம் போய்விட நினைப்பவர்களும் இதைக் கொள்ளை மலிவு என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் மலிவுதானா என்பதே இங்கே ஆராயப்படும் கேள்வி. வீட்டுக்கு விலை போடாமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது என்பதும், அந்த விலை சிக்கலான உரிமையிலும் ஓயாத பராமரிப்பிலும் எழுப்பாமல் விடும் மாடியிலுமாக மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது என்பதும் என் வாதம். மூன்றையும் தெரிந்தே கொடுக்க முன்வருபவருக்குச் சிறிய ஊரில் இதைவிட நல்ல வீடு அமையாது. மனையாக மட்டும் பார்த்து வாங்குபவரோ வீட்டையும் அழித்து, எதிர்பார்த்த ஆதாயத்தையும் பெரும்பாலும் தவறவிடுகிறார்.

ஓரடுக்கின் கணக்கு

ஒரு மனையின் விலை அதன்மேல் இன்று நிற்பதைப் பொறுத்து அமைவதில்லை. நாளை என்ன கட்டலாம் என்பதைப் பொறுத்தே அமைகிறது. இரண்டு தளம் எழுப்பக்கூடிய இடத்தில் ஒரே தளமாக வீடு நின்றால், அது இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதாகவே சந்தைக்குத் தோன்றும். அதிலும் நடுவில் முற்றத்தைத் திறந்த வானத்துக்கு விட்டிருக்கும் வீடு என்றால் வீணடிப்பு இன்னும் அதிகம். அரசின் கணக்கும் இதே திசையில்தான் போகிறது. பதிவுத் துறை மனைக்கு வழிகாட்டி மதிப்பை வைக்கிறது. கட்டடத்துக்கோ வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து மதிப்பிடுகிறது. ஆக, ஆண்டு ஏற ஏற மனை கூடும், வீடு குறையும். 2024-இல் தமிழக அரசு கொண்டுவந்த சுய சான்று முறையில், 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்ட இணையவழியில் உடனடி அனுமதி பெறலாம். சாமானியருக்கு இது நல்ல வசதி, மறுக்க முடியாது. ஆனால் புது வீட்டுக்கு ஒரு நாளில் தாள் கிடைக்கும் ஊரில், சுண்ணாம்புச் சுவரைப் பழுது பார்க்கத் தெரிந்த கொத்தனாரைத் தேட மாதக்கணக்கு ஆகும் என்றால், குடும்பங்கள் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வங்கிக் கடனும் இந்தத் தராசில் ஒரு தட்டை அழுத்துகிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 விழுக்காடு வரையும், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 விழுக்காடு வரையும் தரலாம். ஆனால் வங்கியின் மதிப்பீட்டாளர் கட்டடத்தின் எஞ்சிய ஆயுளையும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் கேட்பார். நூறாண்டுக்கு முன் வரைபடம் ஏது? ஆகவே இந்த வீடுகளைப் பெரும்பாலும் கையில் ரொக்கம் உள்ளவர்களே வாங்க முடிகிறது. கிரயத்தின் மேல் வரும் செலவும் சிறிதன்று. 40 லட்சம் என்று ஒரு மதிப்பை எடுத்துக்கொண்டால், முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 விழுக்காடு, அதாவது 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய், வீட்டில் ஓர் ஓடு மாற்றுவதற்கு முன்பே போய்விடும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு இந்தச் செலவைக் கடன் வரம்பில் சேர்க்கவும் வங்கியால் இயலாது. வெளிநாட்டு மலிவு வீடுகளோடு இதை ஒப்பிடுவதும் பொருந்தாது. ஜப்பானில் 2023 கணக்கெடுப்பின்படி 90 லட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடக்கின்றன. அங்கே கிராமப்புறங்களில் மனைக்கும் கேட்பாரில்லாததால் வீடும் மனையும் சேர்ந்தே மலிவாகின்றன. இங்கே அப்படி இல்லை. கேட்பாரற்று இடிந்து கிடக்கும் வீட்டின் மனைகூட விலை இறங்குவதில்லை. பழைய வீடு வாங்குபவர் முழு மனை விலையைக் கொடுத்துத்தான் வீட்டை இலவசமாகப் பெறுகிறார் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பத்திரத்தில் ஒளிந்த விலை

இந்த வீடுகள் இடியாமல் நின்றதற்கும் கவனிப்பாரற்றுக் கிடப்பதற்கும் பெரும்பாலும் ஒரே காரணம்: பாகம் பிரியாமை. செட்டிநாட்டில் திருமணமான ஒவ்வொரு மகனும் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம்; ஒரு வளவுக்குப் பல புள்ளிகள் உரிமையாளர்கள். கல்யாணமும் படைப்பும் நடக்கும் வீடாக அது இருந்த காலத்தில் இந்தக் கூட்டுரிமையே வீட்டைக் காத்தது. புள்ளிகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போன பிறகு, விற்கவும் முடியாமல் பழுது பார்க்கவும் முடியாமல் அதே கூட்டுரிமை வீட்டைக் கட்டிப் போட்டுவிட்டது. காவிரிப் படுகையில் வேறொரு விபத்து நடந்தது. இருபதடி முகப்பும் நூறடிக்கு மேல் நீளமும் கொண்ட ரயில் பெட்டி வீடுகளை அண்ணன் தம்பிகள் நீளவாக்கில் பிரித்துக்கொண்டார்கள். முற்றத்தின் நடுவே சுவர் எழும்பியது. வெளிச்சமும் காற்றும் இரண்டு பக்கமும் செத்தன. அப்படிப் பிரிந்த பாதி வீட்டை வாங்குபவர் பத்தடி அகல இருட்டறை வரிசையைத்தான் வாங்குகிறார். அடுத்த பாதியின் கூரையும் அவருடையதும் ஒரே உத்தரத்தில் தொங்கும்.

வாங்குபவர் அதிகம் கோட்டை விடுவது பெண் வாரிசுகளின் பங்கில். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 1989-இல் செய்த திருத்தம், அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கிணையான பங்கைத் தந்தது. 2005-இல் மத்திய அரசு செய்த திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டை நீக்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடிருக்க வேண்டிய அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் வினீதா சர்மா வழக்கில் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி நடந்த பிரிவினைகளுக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு. வாய்மொழியாகப் பேசி முடித்த பாகத்தை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை. சீர் செய்து அனுப்பிவிட்டோம், அக்கா தங்கைகள் கேட்க மாட்டார்கள் என்று விற்பவர் சொல்லும் உறுதிமொழிக்குச் சட்டத்தில் இடமில்லை. அவர்களும், இறந்துபோனவரானால் அவர்களுடைய பிள்ளைகளும், கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அல்லது விடுதலைப் பத்திரம் எழுதித் தந்திருக்க வேண்டும். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று காட்டும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்க்காது.

எல்லாப் பங்காளிகளையும் திரட்ட முடியாவிட்டால் கிடைத்தவரின் பங்கை மட்டும் வாங்கிவிடலாம், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். குடியிருப்பு வீட்டில் இது ஆபத்தான யோசனை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி, பிரியாத குடும்ப வீட்டின் பங்கை வாங்கிய அயலார் அவ்வீட்டில் கூட்டு அனுபவம் கோர முடியாது. அவர் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டம் குடும்பத்துப் பங்காளி அவருடைய பங்கை நீதிமன்றம் வைக்கும் மதிப்புக்குத் தாமே வாங்கிக்கொள்ள வழி செய்கிறது. பணம் கொடுத்தவர் வீட்டுக்குள் குடி போகவும் முடியாது. வழக்கு முடிந்தால் வெளியேற்றப்படவும் கூடும். பவர் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு கைமாறும் வீடுகளும் இப்படித்தான். அவ்வகை விற்பனை உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லிவிட்டது. வெளிநாட்டில் வாழும் பங்காளி முறையாக எழுதிப் பதிந்த பவர் வழியாக மற்றொருவரைக் கையெழுத்திடச் செய்வது வேறு, அது செல்லும். ஆனால் வெளிநாடுவாழ் விற்பனையாளரின் பங்குக்கு வருமான வரியை முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவர் தலையில் இருக்கிறது. உள்நாட்டு விற்பனைக்கு உள்ள 50 லட்சம் வரம்பு இதற்குக் கிடையாது.

அடிமனை யாருடையது

பழைய ஊர்களுக்கே உரிய இன்னொரு முடிச்சு தரைக்கடியில் இருக்கிறது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு ஒருவருடையதாகவும் அடிமனை கோயிலுடையதாகவும் இருப்பது சாதாரணம். தலைமுறை தலைமுறையாகப் பகுதி என்ற பெயரில் சிறு தொகை கட்டிவந்த குடும்பம், காலப்போக்கில் அதைத் தன் சொந்த மனையாகவே நினைத்து விற்றும் வாங்கியும் வந்திருக்கும், பத்திரங்களும் பதிவாகியிருக்கும். 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, ஆணையரின் ஒப்புதலின்றி நடந்த கோயில் சொத்து விற்பனை செல்லாது என்கிறது. திருவரங்கத்தில் ஆண்டுக்கணக்கில் இழுபடும் அடிமனைச் சிக்கல் இதன் பெரிய உதாரணம். சிறிய ஊர்களில் இதே கதை செய்தித்தாளுக்கு வராமல் நடக்கிறது. பிறர் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர் அந்த மனையைத் தனக்கே விற்கும்படி நீதிமன்றத்தைக் கேட்க 1921-ஆம் ஆண்டு நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் இடம் தந்தது. ஆனால் 1996 திருத்தத்துக்குப் பின் அந்தச் சலுகை கோயில் மனைகளுக்கு இல்லை. ஆகவே அடிமனை கோயிலுடையது என்றால் வாங்குபவர் பெறுவது சுவரும் ஓடும், அவற்றோடு வாடகைதாரர் என்ற நிலையும்தான். அதுவும் துறையின் அனுமதியோடு, அவ்வப்போது உயரும் நியாய வாடகையோடு. மனை விலைக்கு வீடு என்று தொடங்கிய பேரம் இங்கே தலைகீழாகிறது: கொடுத்தது மனையின் விலை, கிடைத்தது மனையில்லாத வீடு.

இதற்கு, எல்லாம் பதிவாகியிருக்கிறதே, வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கிறதே என்று பதில் வரும். பதிவு என்பது உரிமைக்குச் சான்று என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியது, ஆனால் தவறானது. விற்பவரின் உரிமையை ஆராய்ந்து பார்ப்பது பதிவு அலுவலரின் வேலை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தெளிவாகச் சொன்னது. மூல உரிமையைக் காட்டினால்தான் பதிவு என்ற தமிழகப் பதிவு விதி 55-அ-வின் பகுதியை அந்தத் தீர்ப்பு நீக்கியது. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். பதியாத உயில், வாய்மொழி ஏற்பாடு, நிலுவையில் உள்ள பாகவழக்கு, பக்கத்து வீட்டார் இருபதாண்டுக்கு மேல் அனுபவித்துவரும் நடைபாதை அல்லது கூரை நீர் வடியும் உரிமை எதுவும் அதில் வராது. கிராம நத்தத்தில் இருக்கும் வீடுகளுக்குப் பத்திரமே இல்லாமல் அனுபவம் மட்டும் இருக்கும்; அங்கே நத்தம் பட்டாவும் வீட்டு வரி ரசீதுகளும் முன்னோரின் அனுபவத்தைக் காட்டும் பிற தாள்களும்தான் துணை. பழைய பத்திரங்களின் நாலெல்லை வாசகத்தை இன்றைய சர்வே எண்ணோடு பொருத்திப் பார்ப்பது தனிக் கலை. இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் கொல்லைக்கு வடக்கு என்று எழுதியிருக்கும். அந்த இன்னார்கள் போய் மூன்று தலைமுறை ஆகியிருக்கும். உள்ளூர் வரலாறு தெரிந்த வழக்குரைஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தைச் செலவு என்று எண்ணாமல், வீட்டுக்குப் போடாமல் விட்ட விலையின் முதல் தவணை என்று கொள்வதே சரி.

சுவரும் கூரையும்

உரிமை தேறியது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது கட்டடம். இவ்வகை வீடுகளின் சுவர் நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். எளிய வீடுகளில் மண் சாந்து. கூரை நாட்டு ஓடாக இருக்கும், அல்லது சீமை ஓடாக. சீமை ஓட்டின் கதை 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து விரிகிறது. வசதியுள்ளவர்கள் வீட்டில் மெட்ராஸ் ஒட்டு இருக்கும்: தேக்கு விட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குறுக்குவாட்டில் நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் பிணைத்து, செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பை அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்தது. இந்தக் கட்டுமானம் முழுவதும் ஒரே கொள்கையில் நிற்கிறது: சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் திருப்பி விடும். சுண்ணாம்பில் நுண்துளைகள் இருப்பதால் இது நடக்கிறது. பழுது பார்க்கிறேன் என்று இதன்மேல் சிமென்ட் பூசினால், தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லைப் பொடியாக்கும். பூச்சு தகடு தகடாகக் கழன்று விழும். பார்க்கப் புதுசாக இருக்கும் சிமென்ட் பூச்சு இத்தகைய வீட்டில் நல்ல அறிகுறி அன்று. காரை உதிர்ந்து செங்கல் தெரியும் சுவர் நேர்மையானது. அதைச் சோதித்துப் பார்க்க முடியும். பளபளக்கும் சுவர் எதையோ மறைக்கிறது.

கூரையில் பார்க்க வேண்டியது ஓட்டைவிட மரத்தை. ஓடு உடைந்தால் மாற்றலாம். கைமரமும் உத்தரமும் சுவரில் புதையும் முனைகளில்தான் கரையானும் உளுப்பும் தொடங்கும். கீழிருந்து பார்த்தால் தெரியாது. முற்றத்தைச் சுற்றிய நாலு மூலைப் பள்ளங்கள் இரண்டாவது பலவீனம். இரண்டு சரிவின் மழைநீரும் கூடும் அவ்விடங்களில் ஒழுகினால் மரம் முதலில் அங்கேதான் இற்றுப்போகும். மூன்றாவது சிக்கல் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. தெருவைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் சாலை போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன திண்ணை இன்று தெருமட்டத்துக்கு வந்துவிட்டது. சில தெருக்களில் வீட்டுக்குள் இறங்கிப் போக வேண்டும். அப்போது முற்றத்து நீர் தெருவுக்குப் போவதற்குப் பதிலாகத் தெரு நீர் முற்றத்துக்கு வருகிறது. கழிப்பறை வசதியும் இப்படித்தான். இவ்வீடுகள் கட்டப்பட்ட காலத்தில் கொல்லையின் பின்சந்து வழியாகக் கழிவு அகற்றுவதற்கென்று ஒரு சாதியினர் இழிவுக்குள்ளாக்கப்பட்டார்கள். வீட்டின் அமைப்பே அந்த அநீதியின்மேல் எழுந்தது. இன்று செப்டிக் டேங்க் வைக்கக் கொல்லையில் கிணற்றிலிருந்து போதிய தொலைவு வேண்டும். குறுகிய மனையில் அது கடினம். கோயில் ஊர்களில் குரங்குகள் ஓட்டைப் பிரித்துப் போடுவதையும் சேர்த்துக்கொண்டால், ஆண்டுக்கொரு முறை மழைக்கு முன் ஓடு மாற்றாத வீடு நிலைக்காது என்பது விளங்கும்.

இவற்றைச் சொல்வது அச்சுறுத்த அன்று. ஓரடுக்கு வீட்டின் பெரிய நன்மையே பழுது துண்டு துண்டாக வரும், துண்டு துண்டாகத் தீர்க்கலாம் என்பதுதான். சுமை குறைவு, ஒரு கைமரத்தை மாற்ற மற்றதைத் தொட வேண்டியதில்லை. கான்கிரீட் தளத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை வெடிக்கத் தொடங்கினால் நோய் முழுத் தளத்துக்கும் பரவும். ஓட்டுக் கூரையில் அந்தச் சிக்கல் இல்லை. கடுங்கோடையில் தடித்த சுவரும் உயரக் கூரையும் முற்றத்தின் காற்றோட்டமும் தரும் குளிர்ச்சியைப் புதுக் கான்கிரீட் பெட்டிகள் மின்சாரக் கட்டணமாகக் கொடுத்து வாங்குகின்றன. ஆனால் புயல் என்று வந்தால் ஓடு பறக்கும். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யத்தில் கரையேறியபோது படுகையின் தென்பகுதி அதைப் பார்த்தது. கடலோர ஊரில் வாங்குபவர் ஓட்டைக் கட்டி நிறுத்தும் செலவையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

மாடி எழுப்ப முடியாத இடங்கள்

மனைக்காக வாங்குகிறவரின் முதன்மையான வாதம், இப்போதைக்கு ஓட்டு வீடு, பிறகு இடித்து இரண்டு தளம் கட்டிக்கொள்ளலாம் என்பது. வரலாற்று ஊர்களில்தான் இந்த வாதம் அதிகம் சறுக்குகிறது. 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டம், மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைத் தடுக்கிறது. அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். தடை செய்யப்பட்ட அந்த வட்டத்தில் 1992 ஜூன் 16-க்கு முன் இருந்த வீட்டைப் பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்கலாம். இடித்துவிட்டுப் புதிதாக எழுப்ப முடியாது. 2004-இல் உலக மரபுச் சின்னமான தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் கோயில்களைச் சுற்றியுள்ள தெருக்களிலும், குடவோலைக் கல்வெட்டுள்ள உத்திரமேரூர்க் கோயிலைச் சுற்றியும் இதுதான் நிலை. இங்கே பழைய வீட்டை இடிப்பவர் பழையதையும் இழந்து புதியதையும் பெறாமல் வெறும் மனையோடு நிற்பார். 1620-இல் டேனியர் வந்திறங்கி 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்ற தரங்கம்பாடியில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் வேறு. அந்த ஊரில் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தட்டார் தெருவில் இன்டாக் அமைப்பு பழைய சிறு வீடுகளைச் சீரமைத்தது. எளிய ஓட்டு வீட்டையும் குடியிருக்கத் தக்கதாக மீட்கலாம் என்பதற்கு அது கண்முன் இருக்கும் சான்று.

தடை இல்லாத தெருவிலும் ஆதாயம் தானாக வந்துவிடாது. பொதுச்சுவர் உள்ள வீட்டை இடித்தால் பக்கத்து வீட்டின் சுவரும் அசையும். அந்த வழக்கு தனி. இன்றைய கட்டட விதிப்படி தெருப்பக்கம் இடம் விட்டால் இருபதடி மனையில் அறைகள் சுருங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறிய ஊரில் மாடியில் யார் குடிவருவார் என்ற கேள்வி இருக்கிறது. பிள்ளைகள் வேலைக்கு வெளியேறிய ஊரில் வாடகைக்கு ஆள் தேடும் மாடிகள் ஏற்கெனவே பூட்டிக் கிடக்கின்றன. மனை விலை ஏறும் என்பது உண்மை. ஆனால் ஏறிய விலையில் விற்று வெளியேற வாங்குபவர் வேண்டும். புறவழிச்சாலை ஓரத்துப் புது மனைக்கு அவர் கிடைப்பார். கார் நுழையாத சன்னதித் தெருவில் கிடைப்பது அரிது. முதலீட்டுக்கு மனை வேண்டும் என்பவர் அந்தப் புறவழிச்சாலைக்கே போகலாம். அது அவருக்கும் நல்லது, பழைய தெருவுக்கும் நல்லது.

எழும் மறுப்புகள்

பழைய வீட்டுக்குப் பரிந்து பேசுவது கழிந்த காலத்து ஏக்கம் என்ற மறுப்பை எளிதில் ஒதுக்க முடியாது. அந்தத் தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்து அமைந்தவை. வழிப்போக்கருக்கென்று கட்டிய திண்ணை என்று நாம் புகழும் திண்ணையில் எல்லா வழிப்போக்கரும் உட்கார முடிந்ததில்லை. இன்று மரபு வீடு என்று பெயர் பெற்று நிற்பவை நிலமும் வணிகமும் கையில் வைத்திருந்தவர்களின் வீடுகள். உழைத்தவர்களின் கூரை வீடுகள் மரபாவதற்கு முன்பே கரைந்துவிட்டன. இன்றும் சில தெருக்களில் விற்பவர் விலையைக் கேட்பதற்கு முன் வாங்குபவர் யார் என்று விசாரிக்கிறார். இந்த உண்மையை ஒத்துக்கொள்ளாத மரபுப் பேச்சு பாதிப் பேச்சு. ஆனால் இதிலிருந்து வீட்டை இடிக்க வேண்டும் என்ற முடிவு வராது. வீட்டை யார் வேண்டுமானாலும் வாங்கும்படி சந்தை திறக்க வேண்டும் என்ற முடிவுதான் வரும். தெருவுக்குள் முன்பு வர முடியாதவர் அதே வீட்டின் பத்திரத்தில் பெயரெழுதி உள்ளே வருவது, அந்தக் கட்டடத்துக்கு நேரக்கூடிய நல்ல திருப்பங்களில் ஒன்று. வாங்குபவரைச் சலித்தெடுக்கும் விற்பனையாளர், தம் வீட்டின் விலையைத் தாமே குறைத்துக்கொள்கிறார் என்பதும் கணக்கில் வரும்.

முதுமைக்கு ஏற்ற வீடு என்பதன்மேல் வரும் மறுப்பு வேறு விதமானது. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 2011-லேயே மக்கள்தொகையில் 10.4 விழுக்காடு, மாடிப்படி இல்லாத வீட்டின் தேவை அவர்களுக்கு உண்மையானது. ஆனால் அவசரத்துக்குப் பெரிய மருத்துவமனை எத்தனை தொலைவு என்பதும் அதே அளவு உண்மை. கும்பகோணத்துக்கு அருகில் உள்ள ஊருக்கும் உள்ளொடுங்கிய ஊருக்கும் இதில் பெரிய வேறுபாடு. மேலும் பழைய ஓரடுக்கு வீடு படியில்லாத வீடு என்று எண்ணுவது பிழை. தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற்றம், நிலைப்படியைத் தாண்டல், கூடத்திலிருந்து முற்றத்துக்கு இறக்கம், மறுபடி இரண்டாம் கட்டுக்கு ஏற்றம் என்று அது முழுக்கச் சிறு சிறு படிகளாலானது. இரவில் கொல்லைக் கழிப்பறைக்குப் போகும் முதியவருக்கு அவை ஒவ்வொன்றும் ஆபத்து. உள்ளே ஒரு கழிப்பறையும் கைப்பிடிகளும் சில இடங்களில் சாய்தளமும் அமைத்த பிறகே அது முதியோருக்கான வீடாகும். இந்த மாற்றங்கள் வீட்டின் அழகைக் கெடுக்கும் என்று முணுமுணுப்பவர்கள், குடியிருக்க ஆளில்லாத அழகு எத்தனை மழைக்குத் தாங்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

வெளியூர்ப் பணம் நுழைந்தால் ஊர் விடுதிக் கடையாகிவிடும் என்பது மூன்றாவது மறுப்பு. செட்டிநாட்டில் சில மாளிகைகள் தங்கும் விடுதிகளாகி உயிர் பிழைத்தன. அதைவிட அதிகமானவை காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குத் தூணும் கதவுமாகப் பிரிந்து போயின. செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறியும் இந்தப் பிரிப்பு நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டில் மரபு ஆணையத்துக்கென 2012-இல் சட்டம் இயற்றியும் பல ஆண்டுகள் அது நடைமுறைக்கு வராமலே கிடந்தது. ஆகவே போட்டி விடுதிக்கும் குடியிருப்புக்கும் இடையில் மட்டும் இல்லை. நிற்கும் வீட்டுக்கும் பிரித்து விற்ற மரத்துக்கும் இடையில் இருக்கிறது. மாளிகைகளை விடுதிக்காரர்கள் தேடி வருவார்கள். சிறிய ஓரடுக்கு வீட்டைத் தேடி அவர்களும் வர மாட்டார்கள். அதைக் காக்கக்கூடியவர் அதில் குடியிருக்கப் போகிறவர் ஒருவரே. அவருக்கு அரசு செய்யக்கூடிய உதவி பெரிய செலவு பிடிப்பதன்று: பழைய வீட்டைப் பழுது பார்க்கவும் புது வீட்டுக்குள்ளது போன்ற விரைவான அனுமதி, பழுதுக்கென்று எளிய கடன், சாலை போடும்போது பழையதைச் சுரண்டிப் போடும் ஒழுங்கு. இந்த மூன்றும் இருந்தால் வீட்டுக்குப் பூஜ்யத்துக்கு மேல் ஒரு விலை தானாகவே வரும்.

அதுவரை வாங்குபவர் தம்மைத் தாமே கேட்டுப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இந்த வீட்டின்மேல் எந்தக் காலத்திலும் மாடி எழுப்புவதில்லை என்று இன்றே எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் இதே விலைக்கு வாங்குவேனா? இல்லை என்றால் அவர் தேடுவது மனை. அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. ஆம் என்றால், தரகர் தொடங்கிய வரிசையை அவர் திருப்பிப் போட வேண்டும். முதலில் வழக்குரைஞர் பத்திரங்களைப் படிக்கட்டும்; அடிமனையும் அக்கா தங்கைகளின் கையெழுத்தும் தேறட்டும். அடுத்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரும் தச்சரும் கூரையேறிப் பார்க்கட்டும். ஒரு மழைக்காலத்து முற்றத்தை நேரில் பார்ப்பது இன்னும் நல்லது. அவர்கள் சொல்லும் செலவை மனை விலையோடு கூட்டியபின் வருவதுதான் வீட்டின் உண்மையான விலை. அளவு நாடாவை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.